பற்றவைக்காத பைப்

1

இந்தக் கதைக்கு நான் கரு தேடி அலையவில்லை. அது லிஃப்டில் வந்தது. செம்பூரில் எங்கள் கட்டடத்தில் எனக்குக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஷாகுல் ஹமீது, ஒரு கையால் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு மறுகையால் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தங்கச்சி, நீங்க எழுதுதவங்க. நாலு விஷயம் படிச்சிருப்பீங்க. இந்த பைப்பை வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

திரையில் ஒரு புகைக்குழாய். கருஞ்சிவப்பு மரம், கறுப்புத் தண்டு. லண்டன் கம்பெனி. (பெயர் வேண்டாம், அவர்களுக்கு என் விளம்பரம் தேவையில்லை.) விலையையும் பார்த்தேன். அந்தக் காசில் தாராவியில் அவருடைய பெல்ட் பட்டறைக்குப் புதிதாக ஒரு தையல் மெஷின் இறக்கிவிடலாம்.

ஒரே வார்த்தையில் சொல்லத் தெரிந்திருந்தால் நான் ஏன் கதை எழுதப்போகிறேன்?

2

கட்டுரையாகத்தான் தொடங்கினேன். முதல் வரி இது:

"ஓர் ஆடம்பரப் பொருளின் மதிப்பு என்பது அதன் பயனுக்கும் அதன் பெயருக்கும் நடுவே எங்கோ —"

எங்கோ என்றால் எங்கே? தெரியவில்லை. விட்டுவிட்டேன். அடுத்தது:

"மத்தியதரைக் கடலோரம் வளரும் ஒரு புதரின் வேர்முடிச்சை வெட்டி, வேகவைத்து, வருடக்கணக்கில் உலரவிட்டு —"

பைப் மரத்தைப் பற்றிய தகவல் சரி. ஆனால் இதெல்லாம் ஷாகுல் பாய்க்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பட்டறையில் சாப்பாட்டு நேரம் முழுக்க யூடியூபில் அதைத்தான் பார்க்கிறார். என்னைக் கட்டுரையிலிருந்து கதைக்குள் தள்ளிவிட்டது, லிஃப்ட் கதவு மூடும்போது அவர் சொன்ன வார்த்தைதான்.

"பத்த வைக்கதுக்கு இல்ல தங்கச்சி. சும்மா வாயில வச்சுக்கத்தான்."

3

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். ஷாகுல் ஹமீது ஒரு சிகரெட்டின் நெருப்பிலேயே அடுத்ததைப் பற்றவைத்தவர். போன மழைக்காலத்தில் சயான் ஸ்டேஷன் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றோடு சிகரெட் நின்றது.

[உண்மையிலேயே நின்றதா? இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. எழுதுகிறவளுக்கே சந்தேகம் என்றால், கூடக் குடித்தனம் நடத்துகிறவருக்கு?]

அவர் மனைவி பேகம். மேலப்பாளையத்துப் பேச்சு மாறாதவர். மாலையில் கணவர் கழற்றிப் போடும் சட்டையை முகர்ந்து பார்த்த பிறகே துவைக்கப் போடுவார்.* இதற்கு முன்பும் ஷாகுல் பாய் சிகரெட்டை விட்டிருக்கிறார், பல முறை. ஒவ்வொரு முறையும் சட்டைதான் காட்டிக்கொடுத்தது.

* தோல், பசை, வியர்வை எல்லாம் கலந்த பட்டறைச் சட்டை அது. அதற்கடியில் புகையைக் கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை.

4

"பைப் வாங்கணும் புள்ள" என்று ஷாகுல் பாய் தொடங்கியதும் பேகம்க்கா சமையலறைக் குழாய் என்று நினைத்துவிட்டார்.

"எப்ப பிடிச்சு சொல்லுதேன்! பிளம்பரையும் கையோட கூட்டிட்டு வாங்க. சிங்குக்குக் கீழ ஒழுகிக்கிட்டே கெடக்கு."

"அந்த பைப் இல்ல." போனைக் காட்டினார்.

பேகம்க்கா பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"பத்த வைக்க மாட்டேன் பேகம். கை சும்மா இருந்தா கிறுக்கு புடிக்குது. வெறும் பைப்பு, அம்புட்டுத்தான்."

"பத்த வைக்காம இருக்கதுக்கு யாராச்சும் அடுப்பு வாங்குவாங்களா மச்சான்?"

"என்னைய நம்ப மாட்டியா?"

"நம்பாமயா இருந்தேன்? ஒவ்வொரு தடவையும் நம்புனவதான நான்."

(நான் அங்கே இல்லை. இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னதைச் சேர்த்துத் தைத்திருக்கிறேன். அவரவர் சொன்னதில் அவரவர் பக்கம் ஓங்கியிருந்தது. ஆனால் அன்று இருவருமே சாப்பிடவில்லை என்பதில் வித்தியாசம் இல்லை.)

மறுநாள் பேகம்க்கா என் வீட்டுக்கு ஏறி வந்தார். "ஏம்மா, அந்த பைப்பு விக்குத கடைக்கு நானும் வாறேன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன். நீங்களும் வாங்க. நான் ஏதாச்சும் கத்திட்டேன்னா புடிச்சுக்கிட ஆள் வேணும்."

5

முதல் வரைவில் கடைக்காரரைத் திமிர் பிடித்தவராக எழுதியிருந்தேன். ஃபோர்ட்டில் ஏசி போட்ட கடை, செருப்புக் காலோடு தாராவிக்காரர், கண்ணாலேயே அளக்கும் விற்பனையாளர். எழுதச் சுலபமாக இருந்தது. ஆனால் நிஜக் கடைக்காரர் தௌஃபீக் அப்படி இல்லை. பேகம்க்காவைச் "சாச்சி" என்று சித்தி முறை வைத்துக் கூப்பிட்டு, முதல் வேலையாக நாற்காலி போட்டார்.

பேகம்க்கா உட்காரவில்லை. தன்னுடைய தாராவி இந்தியில் கேட்டார்: "ஓட்டை இல்லாத பைப் இருக்கா தம்பி?"

தௌஃபீக் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். "ஓட்டை இருந்தாத்தான் சாச்சி அது பைப்."

பிறகு அந்த பைப்பை வெல்வெட் துணியோடு எடுத்து ஷாகுல் பாய் கையில் வைத்தார். பட்டறையில் தோலைத் தடவுவது போல அவர் கட்டைவிரல் அந்த மரத்தின் மேல் ஓடியது. "வேலைன்னா இது வேலை" என்றார். உதட்டருகே பிடித்துக் கண்ணாடியில் பார்த்தார். பொருந்தியது. பேகம்க்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை கணவரைப் பார்த்தார்.

அடுத்து நடந்ததில் யார் மேலும் தவறில்லை. தௌஃபீக் தன் வேலையைச் செய்தார். ஒரு புகையிலை டப்பாவைத் திறந்து நீட்டினார். "வாசனை மட்டும் பாருங்க சாச்சா."

உலர்ந்த திராட்சையும் ஈர மரமும் கலந்த மணம். புகைக்காத எனக்கே பிடித்தது. ஷாகுல் பாய் டப்பாவை மூக்கருகே கொண்டுபோனார். அங்கேயே நின்றுவிட்டார். அவர் பிடியில் டப்பா சரிந்து, புகையிலை கொஞ்சம் கண்ணாடி மேசைமேல் சிந்தியது.

[இங்கே அவரைச் சிரித்துச் சமாளிக்க வைத்துப் பார்த்தேன். கோபமாக வெளியேற வைத்தும் பார்த்தேன். இரண்டும் ஒட்டவில்லை. நடந்ததையே எழுதுகிறேன்.]

டப்பாவை மனைவியின் கையில் கொடுத்தார்.

"இதைப் பிடி பேகம். எனக்குப் பயமா இருக்கு. இப்பவே பத்த வைக்கணும் போல இருக்கு."

கடையில் எல்லோரும் கேட்கச் சொன்னார். தௌஃபீக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் டப்பாவை வாங்கி மேசைக்கு அடியில் வைத்துவிட்டார்.

"விட்டுட்டேன்னு சொன்னது நெசம். ஆனா ஆச விடல புள்ள. ஒரு நாளும் விடல."

"இதை ஏன் மச்சான் இம்புட்டு நாளா சொல்லல?"

"சொன்னா நீ பயந்துருவ."

"நீங்க சொல்லாததுக்குத்தான் நான் பயந்தேன்."

(இதுவரை எழுதியதைப் பேகம்க்காவிடம் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "நான் அன்னைக்கு அழல." அழுகை இருந்த இரண்டு வரிகளை எடுத்துவிட்டேன்.)

6

கேள்விக்கு வருகிறேன். அந்த விலைக்குத் தகுமா? புகைக்கிறவர்கள், நல்ல மரம் சூட்டைத் தாங்கும் என்கிறார்கள். சாதாரண பைப்பிலும் புகை அப்படியேதான் வரும், மிச்சமெல்லாம் பெயருக்குக் கொடுக்கும் காசு என்கிறவர்களும் இருக்கிறார்கள். புகைக்காதவருக்கு? காலமெல்லாம் யாரோ ஒரு கம்பெனியின் பெயரைக் குத்தி அனுப்பும் பெல்ட்டுகளைத் தைத்த மனிதர், ஒரு தடவையாவது ஒரு பெயரைத் தன் கையில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறார் என்று ஒரு பத்தி எழுதினேன். எனக்கு அந்தப் பத்தி மிகவும் பிடித்திருந்தது. ஷாகுல் பாயிடம் சொன்னேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தங்கச்சி. பாக்க நல்லாருக்கு" என்றார்.

7

அன்று கடைக்கு வெளியே வந்து நடைபாதையில் நின்றோம். சாயங்கால வெயில். ஆபீஸ் கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போனது.

"வாங்கிக்கிடுங்க" என்றார் பேகம்க்கா.

ஷாகுல் பாய் நம்பாமல் பார்த்தார். "வேண்டாம் புள்ள."

"நாந்தான் சொல்லுதேம்லா. ஆச வந்தா வந்து சொல்லுவீங்கல்லா? பெறகென்ன?"

"நாந்தான் வேண்டாங்கேன்."

"ஏன், நல்லாத்தான் இருந்துச்சு உங்களுக்கு."

"நீ பாத்தியா?"

"பாக்காம?"

அவர் காதுவரை சிவந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பேகம்க்கா என் தோளைத் தட்டினார். "நீங்க வி.டி. ஸ்டேஷன்ல ரயிலைப் பிடிங்கம்மா. இது எங்க சண்டை."

எழுதுகிறவளைக் கதையிலிருந்து இவ்வளவு மரியாதையாக யாரும் வெளியேற்றியிருக்க மாட்டார்கள். நடந்துவிட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு கேட்கவும் இல்லை.

ஆனால் நீங்கள் இன்னும் அங்கேதான் நிற்கிறீர்கள். கடை திறந்திருக்கிறது. தௌஃபீக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறார். இந்தப் பக்கம் நடந்தால் கடல். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், நடுநடுவே சிரிக்கிறார்கள். எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவசரப்படுத்த மட்டும் வேண்டாம்.