முள்கொடியோடு கடைக்குப் போனவள்

1

பொறாமையில் பிறந்த கதை இது. அமெரிக்காவின் லூசியானாவில், சதுப்புக்காட்டை ஒட்டிய எங்கள் ஊரின் ஆடம்பர வேட்டைத் துணிக்கடையில் நான் காலுறை பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிப் பேருந்து ஓட்டும் ஏர்லீன் விட்ரீன் உள்ளே வந்தாள். கைப்பையிலிருந்து முழ நீள முள்கொடி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். இப்படி ஒரு தொடக்கம் எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

நான் எழுதி வைத்திருந்தது வேறு: "அக்டோபரின் ஈரம் மரங்களின்மேல் ஒரு துயரத்தைப் போல..." [அடித்துவிட்டேன். இங்கே ஈரத்துக்குத் துயரமெல்லாம் கிடையாது. வியர்க்கும், அவ்வளவுதான்.]

2

நாற்பது வருடமாக ஆண்கள் மட்டுமே இருக்கும் மான்வேட்டை முகாமில் அவளுக்கு ஓர் இடம் வேண்டும். ஒரே ஒரு சனிக்கிழமைக்கு விருந்தாளியாக அழைத்திருக்கிறார்கள். மான் விழுந்தால் உறுப்பினர். தவறினால் அடுத்த அழைப்பு இல்லை. முகாம் தலைவர், பல் டாக்டர் லைல் பிரிஜான், என்ன உடுத்த வேண்டும் என்று நான்கு பக்கக் கடிதமும் அனுப்பியிருந்தார்: ஐந்து அடுக்கு, எல்லாம் பனிமலைக்கென்று தைத்தவை. எங்கள் ஊரில் பனியைப் பார்க்கக் குளிர்பெட்டியைத் திறக்க வேண்டும்.

"என்ன மேடம் இது?" என்றான் கடைக்காரன்.

"உன் பேண்ட் போகப்போற எடம். கிழியுதான்னு பாக்கணும்."

"நானூறு டாலர் பேண்ட் மேடம்."

"முள்ளுக்கு வெல தெரியாது தம்பி."

தொடைப் பக்கம் கெட்டித் துணி வைத்த பேண்ட் முள்ளைத் தாங்கியது. சட்டைகளை ஒவ்வொன்றாகக் காதோரம் கசக்கிக் கேட்டாள். சரசரத்தவை திரும்பிப் போயின. பிறகு வாய் வைத்து ஊதினாள்.

"காத்து போகணும். கொசு மூக்கு போகக் கூடாது."

நெருங்கிய நெசவில் மெல்லிய சட்டை ஒன்று தேறியது.

(தலைமுதல் கால்வரை இலை நிறத்தில் மறைந்துவிட்டு, மேலே ஆரஞ்சுத் தொப்பி போடுவது சட்டம். அந்த நிறம் மான் கண்ணுக்குத் தெரியாது. துப்பாக்கி பிடித்த டாக்டர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.)

3

இவள் என்னை மிஞ்சிய கெட்டிக்காரியாக இருக்கிறாளே என்று சந்தேகம் வந்தது. இரக்கம் வரட்டும் என்று ஓர் இறந்த கணவனைச் சேர்த்தேன். [நீக்கிவிட்டேன். அவர் வீட்டில் இறால் உரித்துக்கொண்டிருக்கிறார்.]

4

சனிக்கிழமை விடியலிலேயே டாக்டர் தன் ஐந்தடுக்குக்குள் வெந்துகொண்டிருந்தார். துப்பாக்கியில் குறிபார்க்கும் கண்ணாடிமேல் அவர் ஆவியே படிந்தது. அதைத் துடைக்கக் கையைத் தூக்கினார்; மேலங்கி சரசரத்தது; மான் நிமிர்ந்தது. சுட்டார். ஒரு மரத்துக்குக் காயம்.

மிரண்ட மான் புதரைக் கிழித்துக்கொண்டு ஏர்லீன் பக்கம் வந்தது. முட்களுக்குள் ஓரடி நகர்ந்து துப்பாக்கியைத் தூக்கினாள். துணி சரசரக்கவில்லை. ஒரே குண்டு; மான் விழுந்தது.

5

குறி தவறியவரின் சட்டைவாலை, அதாவது பின்பக்கத் தொங்கலை, வெட்டி முகாம் சுவரில் ஆணி அடித்து மாட்டுவது அங்கே வழக்கம். வெட்டுவது மான் வீழ்த்தியவர். அந்தக் கத்தரியை உறுப்பினர் அல்லாதவர் தொடக்கூடாது. சமையல் பொறுப்பிலிருந்த ஓசேம் லாத்தியோலே அதை ஏர்லீன் கையில் வைத்தார்.

"இது விசேஷக் கம்பளி," என்றார் டாக்டர். "வண்டில பழைய சட்ட ஒண்ணு கெடக்கு. அத வெட்டிக்கலாமே."

"சுட்டப்ப எது மேல இருந்துச்சு டாக்டரே?" என்றார் ஓசேம். "மரத்த வேணா கேட்டுப் பாப்போமா?"

6

முடிவு (அ): அவள் பெருந்தன்மையோடு மன்னித்து... [எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.]

முடிவு (ஆ): அடையாளத்துக்கு ஓர் அங்குலம் மட்டும்...

"யாருக்கு அடையாளம்?" என்று ஏர்லீன் கேட்பாள். அதனால் இதையும் விட்டுவிட்டேன்.

டாக்டர் முதுகைக் காட்டி நிற்கிறார். முகாமே சுற்றி நின்று, இடுப்பு வரைக்கும் என்கிறது, தோள் வரைக்கும் என்கிறது. எனக்கு எழுதக் கை ஓடவில்லை, எதுவரை வெட்டலாம் என்று நீங்களே சொல்லுங்கள். கத்தரி திறந்திருக்கிறது. புது உறுப்பினர் காத்திருக்கிறார்.