முப்பத்தொன்றாம் எண்

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் சதைத் துணுக்குகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். யாருடையது என்று தெரிந்தால் பார்க்கிறவர் கண் ஒரு பக்கமாகச் சாயும் என்பார் பேராசிரியர். பெயர்ப் பட்டியல் அவர் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். ஆய்வு முடியும்வரை யாரும் தொடக் கூடாது.

வாயில் வெள்ளைத் திட்டு விழுந்தவர்கள் நாற்பது பேர். அவர்களில் யாருக்குப் புற்று வரும் என்று ஒரு புரதம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்குமா என்பதுதான் ஆய்வு. துணுக்கை மெழுகுக் கட்டியில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயமிடுவது என் வேலை. புரதம் இருந்தால் பழுப்பு. இல்லாவிட்டால் வெறும் நீலம்.

நாற்பதில் ஒன்று என் அண்ணனுடையது. கையைப் பிடித்து இழுத்து வந்து கையெழுத்துப் போட வைத்தவளே நான்தான். மருத்துவமனை அறிக்கை, லேசான மாற்றம், மூன்று மாதத்தில் மறுபடி காட்டவும் என்றது. எங்கள் சாயத்தின் முடிவு மட்டும் நோயாளிக்குப் போகாது. நிரூபணமாகாததைச் சொல்லிப் பயமுறுத்தக் கூடாதாம்.

பன்னிரண்டாம் எண் பளிச்சென்று நீலமாக இருந்தது. அதுதான் அண்ணன் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். மூன்று மாதம் கழிந்தபோது, "வேலை தலைக்கு மேல இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். நானும் வற்புறுத்தவில்லை. என்ன கொழுப்பு எனக்கு!

முப்பத்தொன்று வேறு ரகம், அடர்ந்த பழுப்பு. ஒவ்வொரு முறையும் சாயம் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க, கட்டாயம் பழுப்பாகும் என்று தெரிந்த ஒரு சீவலைக் கூடவே வைப்போம். அதற்கு முப்பத்தொன்றைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். வாரா வாரம் அந்தக் கட்டியில் ஒரு சீவல் எடுத்தேன். ஒன்றரை வருடம்.

அண்ணன் வீட்டில் சாப்பிடும்போது பீற்றிக்கொண்டேன். "முப்பத்தொண்ணு மட்டும் இல்லேன்னா எங்க லேப் மானம் கப்பலேறிடும்ணா."

"யாரு பாப்பா அந்த மகராசன்?"

"யாருக்குத் தெரியும்? நம்பர்தான்."

"பாவம், நல்லா இருக்கட்டும்."

காரம் பட்டதும் முகத்தைச் சுளித்தான். அப்புறம் ஒரு பக்கமாகவே மென்றான். அதைப் பார்த்துக்கொண்டேதான் அவனுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

இரண்டே மாதத்தில் திட்டு புண்ணாகி, புண் புற்றென்று ஆனது. அறுவை முடிந்த வாரம்தான் ஆய்வும் முடிந்து, பேராசிரியர் அலமாரியைத் திறந்தார். பன்னிரண்டு யாரோ ஒரு பஸ் டிரைவர். முப்பத்தொன்றுக்கு நேரே என் அண்ணன் பெயர். கூடவே செருகியிருந்த படிவம், நான் என் கையெழுத்தில் நிரப்பிக் கொடுத்தது.

"பாத்தியாம்மா, நம்ம கணிப்பு சரியாப் போச்சு" என்றார் பேராசிரியர். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவரைத் திட்ட வாய் வரவில்லை. வாரா வாரம் சீவிய கத்தி என் கையில்தானே இருந்தது.

மறுநாள் வார்டுக்குப் போனேன். பாதி நாக்கும் தாடையில் ஒரு துண்டும் போன அண்ணன் சிலேட்டில் எழுதித்தான் பேசுகிறான். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்க வைக்க நினைத்தான் போலிருக்கிறது.

"உங்க முப்பத்தொண்ணு எப்படி இருக்கான்?" என்று எழுதிக் காட்டினான்.

"ஆபரேஷன் ஆச்சுண்ணா."

துடைத்துவிட்டு மறுபடி எழுதினான். "அவன்கிட்ட முன்னாடியே சொன்னீங்களா?"

"இல்லண்ணா" என்றேன்.

அண்ணன் சிலேட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.