மதுரைக்கு எழுதிட்டாக

சாக்குத் தைக்கிற ஊசி எங்கே என்று கேட்டார். "ஜன்னல் கட்டையில பாருங்க" என்றேன், அடுப்பிலிருந்து திரும்பாமல். "இருக்கு, இருக்கு" என்றபடி களத்துக்குப் போனார். காயப்போட்ட மிளகாய் வற்றலை அள்ளிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சாய்ந்துவிட்டார். என் கணவர் தங்கபாண்டிக்கு அப்போது நாற்பது வயதுகூட முடியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் காலை பாயிலிருந்து எழப் போனேன். இடது கால் வரவில்லை. வலி இல்லை. மரத்துப் போகவும் இல்லை. தூக்கினால் தூக்க வரவில்லை, அவ்வளவுதான். மாமியார் மூக்கம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்தேன்.

விருதுநகரில் ஸ்கேன் எடுத்தார்கள். தலையிலும் முதுகிலும் ஒன்றுமில்லை என்று வந்தது. அந்த 'ஒன்றுமில்லை' எங்களுக்கு முன்பே பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டது. மாமனாரின் தம்பி இருளாண்டி வாசலில் நின்று என் காதுபடவே சொன்னார்:

"ஒண்ணுமில்லைன்னா எந்திரிச்சு நடக்க வேண்டியதுதான மதினி? காட்டு வேலைக்கு வராம இருக்க ஒரு நடிப்பு."

அத்தை பதில் சொல்லவில்லை. இருளாண்டி சொன்னதைவிட அதுதான் வலித்தது. அவரும் நம்பாவிட்டால் அந்த வீட்டில் எனக்கென்று யார் இருக்கிறார்கள்? சில நேரம் எனக்கே சந்தேகம் வந்தது, நான்தான் நடக்க மாட்டேன் என்கிறேனோ என்று.

அப்புறம் அருப்புக்கோட்டையில் சுமதி என்ற டாக்டரிடம் போனோம். அவர் ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு, "என்ன நடந்துச்சுன்னு முதல்லருந்து சொல்லுங்க" என்றார். களத்தைச் சொன்னேன். காலைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

படுக்கச் சொல்லி, இடது குதிகாலுக்கு அடியில் கையை வைத்து, "அமுக்குங்க" என்றார். முடியவில்லை. பிறகு அத்தையின் கையை வாங்கி அதே இடத்தில் வைத்தார். என் வலது காலை டாக்டரே அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் காலை மறந்துருங்க. இந்தக் காலை மட்டும் மேல தூக்குங்க. நான் விட மாட்டேன், பார்ப்போம்."

மூச்சைப் பிடித்துத் தூக்கினேன்.

"அடியாத்தி! கைய நசுக்குறாளே!" என்றார் அத்தை.

வராத இடது கால் தானாக அவர் கையை அமுக்கியிருக்கிறது. பொய் பிடிபட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

"இது நடிப்பில்லம்மா. நிறையப் பேருக்கு வர்ற சீக்குதான்" என்றார் டாக்டர். "உங்க கிணத்துல மோட்டார் இருக்கா?"

"இருக்கு தாயி."

"மோட்டாரும் நல்லாருக்கு, ஒயரும் அறுந்து போகல. ஸ்டார்ட்டர் பிடிக்க மாட்டேங்குது. இவங்க போட்டா ஓடல, நினைப்பு வேற பக்கம் இருந்தா தானா ஓடுது. பழக்கினா சரியாகும்."

"எம் மகன் போன துக்கத்துலயா?"

"இருக்கலாம். எல்லாருக்கும் காரணம் தெரியறதில்ல. தெரிஞ்சாத்தான் குணமாகும்னும் இல்ல."

அத்தை குதிகாலிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

நரம்பு டாக்டர் ஒருமுறை பார்த்து உறுதிப்படுத்தட்டும், நடக்கவும் அங்கேயே பயிற்சி தருவார்கள் என்று மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தந்தார். எங்கள் பக்கம் பிரசவமோ பாம்புக்கடியோ, கைமீறிப் போனால்தான் டவுன் டாக்டர் மதுரைக்கு எழுதுவார். அதனால் மறுநாள் விடிந்ததும் சொந்தக்காரர்கள் என்னைக் கடைசியாகப் பார்க்க வந்துவிட்டார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த இருளாண்டி துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"யாருக்குய்யா அழுகுற?" என்றார் அத்தை.

"மதுரைக்கு எழுதிட்டாகளாமே மதினி. வாழ வேண்டிய பிள்ள..."

"போன வாரம் நடிக்கிறா. இந்த வாரம் சாகப்போறா. நடுவுல சீக்குன்னு ஒண்ணு கிடையாதா ஒனக்கு? நான் கைய வச்சுப் பாத்தேன்யா. கால்ல பலம் இருக்கு, அவ கூப்பிட்டா வரல. களத்துல எம்பிள்ளையும் நான் கூப்பிடக் கூப்பிட வரல. அவன் நடிச்சானா?"

இருளாண்டி பாட்டிலோடு எழுந்திருக்கப் போனார்.

"ஹார்லிக்ஸ வச்சிட்டுப் போ. அவ குடிப்பா."

மதுரையிலும் சுமதி டாக்டர் சொன்னதையேதான் சொன்னார்கள். பின்னோக்கி நடக்கப் பழக்கினார்கள். அப்படி நடக்கையில் கால் மறந்துபோய் வந்தது. ஊரில் நான் பின்னோக்கி நடக்க, அத்தை எனக்கு எதிரே, "கல்லு கிடக்கு, ஆடு வருது" என்று சொல்லிக்கொண்டே வருவார். பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்குக் கோயில்வரை நேராகவே நடந்தேன்.

இப்போது இரண்டு கால்களும் என் பேச்சைக் கேட்கின்றன. பஸ் ஏறும்போது அத்தை இன்னமும் என் இடது பக்கம்தான் நிற்கிறார்.