எலும்பறையில் திறக்காத வாய்

எலும்பறையில் வாயைத் திறக்கக் கூடாது. அந்தப் பல்கலைக்கழகத்து டிஎன்ஏ ஆய்வகத்தில் எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க முடியாது. அடையாளம் தெரியாமல் போனவர்களின் எலும்பைச் சுரண்டி, அறுத்து, மாவாக இடிக்கிற அறை அது. நம் எச்சில் ஒரு பொட்டு தெறித்தால் போதும். பழைய எலும்பின் நைந்துபோன டிஎன்ஏ பின்னுக்குப் போய், நம்முடையது சட்டமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனாலேயே அங்கே வேலை பார்க்கிற எல்லோருடைய டிஎன்ஏவும் கணினியில் ஏற்றப்பட்டிருந்தது. தப்பு நடந்தால் யாருடைய கைவரிசை என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்படிப்பட்ட அறைக்குத்தானா ரேடியோ வந்து வாய்க்க வேண்டும்! அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் சம்பந்தி வீட்டுச் சண்டையை முழுசாகக் கேட்டு, அதற்கு ஒரு தீர்ப்பும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள். ஆனால் ஒன்று, இரட்டை முகமூடியைக் கட்டிக்கொண்டு எலும்பறைக்குள் நுழைந்துவிட்டால் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. யாரோ ஒருவரை அவர் வீட்டுக்கு அனுப்பி வைக்கிற வேலை, அதில் விளையாடக் கூடாது என்பாள். அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர்.

வீட்டில் அம்மாவுக்கு இந்த வாயைக் கண்டாலே ஆகாது. அப்படியே மாமன் வாய் என்று திட்டுவாள். மாமன் என்றால் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். ரேடியோ பிறந்த சேதி கேட்டதும், மருமகளைப் பார்க்காமல் சோறு இறங்காது, இதோ கிளம்பிவிட்டேன் என்று போனில் அளந்தவர். வரவே இல்லை. அதற்கு முன்னால் கப்பல் வேலைக்குப் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததால், கப்பல் ஏறிப் போனவன் தங்கையை மறந்துவிட்டான் என்று உறவில் எல்லோரும் முடிவு கட்டினார்கள். அம்மாவும் அதையே நம்பினாள், நம்பி நம்பி வெந்தாள். முப்பது வருஷத்துக்கு மேலாக அவள் வீட்டில் அண்ணன் பேச்சு என்றால் வசவுதான்.

அந்தக் கோடையில் மலைச்சாலையை அகலப்படுத்தத் தோண்டியபோது, மண்சரிவில் எப்போதோ புதைந்துபோன சரக்கு லாரி ஒன்று வெளியே வந்தது. உள்ளே இரண்டு பேரின் எலும்புகள். ஓட்டுநரை அவர் குடும்பம் லாரி காணாமல்போன நாளிலிருந்தே தேடிக்கொண்டிருந்ததால் அவர் யாரென்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் வழியில் ஏறியவர் போலிருக்கிறது. அவரைத் தேடி யாரும் வரவில்லை. அவருடைய எலும்பு ரேடியோவின் கைக்கு வந்தது. கூடவே, அவர் பக்கத்தில் கிடந்த சாமான்களைப் போட்டு அனுப்பிய பெட்டியைத் தூக்கி வைத்தபோது உள்ளே ஏதோ கிலுகிலுவென்றது. எட்டிப் பார்த்தாள். பிளாஸ்டிக் கிலுகிலுப்பை ஒன்று, மண் அப்பிக் கிடந்தது. எந்தப் பிள்ளைக்கு வாங்கினாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

முடிவு வந்த அன்று, ஆய்வகத்தை நடத்துகிற பேராசிரியர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். எலும்பில் கிடைத்த தாய்வழி டிஎன்ஏ, அதாவது அம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்கு அப்படியே வருவது, ரேடியோவின் டிஎன்ஏவோடு அச்சு அசலாக ஒத்துப்போயிருந்தது.

"எலும்புக்கு மேல பேசியிருக்க."

"நான் வாயே திறக்கல மேடம்."

"நீயா?" என்றார் பேராசிரியர்.

அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்தது. வேறொருவர் திரும்பச் செய்து பார்க்கட்டும், அதுவரை எலும்பறைப் பக்கம் வரக் கூடாது, தப்பு அவளுடையதுதான் என்றால் இனி எப்போதுமே கிடையாது, சாமான் அறைதான் என்று தீர்ப்பானது. மறுநாள் அவள் மேசையில் எந்தப் புண்ணியவானோ ஒரு தவளைப் படத்தை ஒட்டி வைத்திருந்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்று தெரியாதா அவளுக்கு? ஊரெல்லாம் பேசியபோது ஒன்றும் ஆகவில்லை, பேசாத அன்றைக்குப் பிடித்துக்கொண்டார்களே என்று வயிறு எரிந்தது. விடுப்பு எழுதிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

திரும்பச் செய்தவன் அவளோடு வேலை பார்ப்பவன். நல்ல நாளிலேயே நாலு வார்த்தை பேசாத ஆள். ஊமைக்கோட்டான் என்றுதான் அவள் கூப்பிடுவாள். அவன் எலும்பைத் தொடவே இல்லை. அவள் கையே படாமல் உறையில் இருந்த கடைவாய்ப் பல்லை எடுத்தான், வேறு கட்டடத்தில் வைத்து இடித்தான். அதே தாய்வழி டிஎன்ஏதான் வந்தது. ஆனால் இந்தத் தடவை, ஆணா பெண்ணா என்று காட்டுகிற மற்ற டிஎன்ஏவும் தெளிவாக வந்தது: பல்லுக்குரியவர் ஆண்.

பேராசிரியர் தாமே போன் செய்தார். அவள் பேசவில்லை என்பது நிரூபணமாகிவிட்டது, தன்னை மன்னிக்க வேண்டும் என்று முதலில் சொன்னார். பிறகு கேட்டார்.

"உங்க அம்மா வழியில காணாமப் போனவங்க யாராவது இருக்காங்களா?"

ரேடியோ போனைக் காதில் வைத்தபடி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் கன்னத்தில் பஞ்சுக்குச்சி வைத்து எடுத்த டிஎன்ஏ, சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. கூடப்பிறந்தவன்தான். ஆய்வகத்தில் குடும்பத்தாரை உட்கார வைக்கிற சின்ன அறையில், அவர் கப்பல் ஏறவில்லை, லாரியில் ஏறியிருக்கிறார், உங்கள் ஊர்ப் பக்கமாக வந்துகொண்டிருந்த லாரி என்று பேராசிரியர் சொன்னார். அம்மா அழுதாள். அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தாள். முப்பது வருஷமாகத் தின்ற கோபம் முகத்திலிருந்து இறங்கிப் போனதை மகள் கண்ணால் பார்த்தாள், அவளுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

"என் அண்ணன் வர்றேன்னா வந்துடுவான்னு நான் அப்பவே சொல்லல?" என்றாள் அம்மா. அப்படி அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஊமைக்கோட்டான் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். அம்மா கிலுகிலுப்பையை எடுத்து முந்தானையால் துடைத்து ஆட்டினாள். அத்தனை வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் கலகலவென்று பேசியது. அதை மகள் கையில் வைத்தாள்.

"வாங்கிக்கோடி. உன்னோடது."

ரேடியோ வாங்கிக்கொண்டாள். வாயைத் திறந்தாள், மூடினாள். இது எலும்பறை இல்லை, இங்கே பேசலாம். இருந்தும் ஒரு சொல்கூட வரவில்லை. பேராசிரியரும் அம்மாவும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஊமைக்கோட்டான்தான் பேசினான்.

"ஏதாவது பேசுங்கக்கா. பயமா இருக்கு."