புள்ளி வைக்காத பிரிண்டர்

எனக்கு அந்த பிரிண்டர் மேல முதல் நாள் கோவமே வரல. எங்க வீட்டுக்காரர் மேலதான் வந்துச்சு.

அவர் பேர் சென்னப்பன். ஓசூர் சிப்காட்டுல ஒரு கம்பெனியில ஃபிட்டர். ஆபீசுக்குப் புது கம்ப்யூட்டருங்க வந்ததும் பழசை ஏலம் விட்டாங்க. என் நச்சரிப்பு தாங்காம ஒரு கம்ப்யூட்டரையும், கர்ருபுர்ருன்னு கத்துற ஒரு பிரிண்டரையும் எடுத்துட்டு வந்து எங்க பாகலூர் வீட்டுல இறக்கினார். கூடவே ஒரு பெட்டி தாள். ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து மடிஞ்சு கிடக்கும், ரெண்டு ஓரத்துலயும் வரிசையா ஓட்டை. நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள அந்த மனுஷன் ஓட்டை இருந்த ஓரத்தையெல்லாம் பொறுமையா கிழிச்சுக் குப்பையில போட்டுட்டார்.

"அசிங்கமா இருந்துச்சு சாந்தா. சுத்தம் பண்ணிட்டேன்."

அடக் கடவுளே! அந்த ஓட்டையில பல்லு மாட்டித்தானே மிஷின் தாளை இழுக்கும்? "ஏங்க, உங்க கம்பெனியிலயும் இப்படித்தான் சுத்தம் பண்ணுவீங்களா? இன்னும் எப்படி வேலையில வெச்சிருக்காங்க?"ன்னு கேட்டேன். அன்னைக்குச் சோறு நான் போடல, அவரே போட்டுக்கிட்டார்.

தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவ நான். பாஸ் பண்ணி என்ன, ஒரு கம்பெனி பேக்கிங் லைன்ல நின்னு டப்பாவுக்கு மூடி போட்டுக்கிட்டு இருந்தேன். நின்னு நின்னு ரெண்டு காலும் வீங்கிப்போய் லீவு போட்டு உட்கார்ந்தேன். மறுபடி அங்க போய் நிக்க எனக்கு இஷ்டமே இல்ல. உட்கார்ந்து டைப் அடிக்கணும், நான் படிச்ச படிப்பை நான் செய்யணும், அவ்வளவுதான் ஆசை. வீட்டுக்காரர் கெடு வெச்சார். "அரையாண்டுப் பரீட்சை தொடங்குற திங்கக்கிழமைக்குள்ள ஒரு வேலை பிடி. கிடைக்கலன்னா அன்னைக்கே கம்பெனி வேன்ல ஏறு. சூப்பர்வைசர் அதுவரைக்கும்தான் இடம் வெச்சிருப்பார்." அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது. ஒத்தைச் சம்பளத்துல அவரும்தான் எத்தனை நாள் இழுப்பார்?

சரி, ஒரு கை பார்த்துடலாம்னு உட்கார்ந்தேன். முதல்ல எல்லா வரியும் ஒரே வரி மேலயே அடிச்சுது, எறும்புக் கூட்டம் மாதிரி. பிரிண்டர் பின்னால குட்டி குட்டியா சுவிட்சுங்க இருந்துச்சு. ஒவ்வொண்ணா மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்ததுல வரி இறங்க ஆரம்பிச்சுது. அப்புறம் எழுத்து மங்கல். பக்கத்து வீட்டு அதியா ஜாக்கெட் தைக்கிறவ. அவகிட்ட தையல் மிஷின் எண்ணெய் வாங்கி ரிப்பன்ல ரெண்டு சொட்டு விட்டு ஊறவெச்சேன். எழுத்து கருகருன்னு வந்துச்சு. "அக்கா, அடுத்து வடை சுடுமா உங்க மிஷினு?"ன்னு சிரிச்சா. "உனக்குத்தான் முதல் வடை, போடி"ன்னேன்.

வேலையும் வந்துச்சு. பக்கத்துல ஒரு தனியார் பள்ளிக்கூடம். அங்க தமிழய்யா தஸ்தகீர். தெலுங்கும் கன்னடமும் பேசுற பிள்ளைங்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்துக் கொடுத்துத் தொண்டை கட்டினவர். ஒற்றுப்பிழையைப் பார்த்தா ஒடம்பு சரியில்லாம போயிடுவார்னு பிள்ளைங்களே சொல்லும். "இந்த வருஷம் கேள்வித்தாள் கம்ப்யூட்டர்ல வேணும்னு நிர்வாகத்துல சொல்றாங்கம்மா. தமிழ் முதல் பரீட்சை, திங்கக்கிழமை. சரியா வந்தா மத்த பாடமும் உனக்கே. ஒரு பிழை இருந்தாலும் எல்லாம் ஓசூர் பிரஸ்சுக்குப் போயிடும்." சாதாத் தாள்ல அடிச்சுக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துட்டு, சரின்னு தலையாட்டினார்.

பள்ளிக்கூடத்துல உருளையில மை தடவி நிறைய காப்பி போடுற மிஷின் இருக்கு. அதுக்கு மெழுகு பூசின ஸ்டென்சில் தாள்ல அடிச்சுக் கொடுக்கணும். ரிப்பனைக் கழட்டிட்டா பிரிண்டர் ஊசிங்க மெழுகைக் குத்தி ஓட்டை போடும், அந்த ஓட்டை வழியா மை இறங்கும். சனிக்கிழமை காலையில முதல் ஸ்டென்சிலை விட்டேன். மார்கழிக் குளிருல அது அப்பளம் மாதிரி விறைச்சுக் கிடந்துச்சு. பாதியில சுருங்கி மாட்டிக்கிட்டு, டிக்குன்னு ஒரு சத்தம். மெதுவா உருவி எடுத்துட்டு வேறொண்ணை விட்டேன். கடைசி வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன்.

ஒரு புள்ளி இல்ல. ஒண்ணுகூட இல்ல!

"அரையாணடுத தேரவு." "பொருள கூறுக: கல, பல, வில." மீன் போய் 'மின' ஆயிடுச்சு. எழுத்தெல்லாம் முத்து மாதிரி இருக்கு, தலையில மட்டும் ஒண்ணும் இல்ல.

பிரிண்டர் தலையில ஊசிங்க ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நிக்கும். புள்ளி வைக்கிறதும், மேல்சுழி போடுறதும் உச்சியில இருக்கிற ஊசி. தலையைக் கழட்டி ஸ்பிரிட்ல தோய்ச்சேன். ஊசிங்க சந்துல அடைச்சிருந்த மெழுகெல்லாம் கரைஞ்சு வந்துச்சு, கூடவே மேல் ஊசியோட முனையும் வந்துச்சு. ஒடிஞ்சிருக்கு. தாழி உடையறதுக்கு வெண்ணெய் திரள்ற நேரந்தானா கிடைச்சுது?

பஸ் ஸ்டாண்டுக்குப் போய் பெங்களூர்ல ஒரு கடைக்கு போன் போட்டேன். தலையே புதுசா போடணுமாம், வர ஒரு வாரம் ஆகுமாம். வீட்டுக்கு வந்து சுவத்துல சாஞ்சு உட்கார்ந்து அழுதேன். நல்லா அழுதேன். டப்பா மூடிங்கதான் கண்ணு முன்னால வந்துச்சு.

ஷிஃப்ட் முடிஞ்சு வந்த வீட்டுக்காரர் மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "விடு சாந்தா. நம்மளுக்கு எதுக்கு இதெல்லாம்? திங்கக்கிழமை வேன்ல ஏறிடு"ன்னார். ஆறுதலாத்தான் சொன்னார். எனக்கு அதுதான் பத்திக்கிச்சு. "ஒடிஞ்சது அதோட ஊசிதாங்க. என் ஊசி ஒடியல!"னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைச்சுது.

ஸ்டென்சில்ல புள்ளின்னா என்ன? ஒரு ஓட்டை. ஓட்டை போட மிஷின் எதுக்கு?

அதியாகிட்ட ஓடி ஒரு சன்ன ஊசி கேட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில வாசல் வெயில்ல பாயைப் போட்டு, மடிச்ச துண்டு மேல ஸ்டென்சிலை விரிச்சேன். முதல் புள்ளியிலயே பலத்தைக் காட்டிட்டேன், ஓட்டை மிளகு அளவுக்குப் போயிடுச்சு. அப்படியே விட்டா மை அப்பிக்கும். நெயில் பாலிஷைத் தொட்டு அடைச்சு, காய்ஞ்ச பிறகு மறுபடி குத்தினேன். ஊசியை நட்டுக்குத்தலா பிடிச்சு, சும்மா தொட்டு எடுக்கணும். கை அதுக்குப் பழகிடுச்சு. தமிழ்ல இத்தனை மெய்யெழுத்து இருக்குன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. 'க்'குக்கு ஒண்ணு, 'ட்'டுக்கு ஒண்ணு, 'மீ'க்கு ஒரு சுழி. கழுத்து பிடிச்சுக்கிச்சு, கண்ணுல தண்ணி கொட்டுச்சு. அதியா எனக்குப் பதிலா குழம்பு வெச்சா. "புள்ளி வெச்சாச்சுல்ல, கோலம் எப்பக்கா போடுவ?"ன்னு அவ கேலி பண்ணினப்பகூட நான் நிமிரல.

சாயங்காலம் தமிழய்யா வந்தார். ஸ்டென்சிலை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிச்சார். வீட்டுக்காரர் கதவோரமா நின்னார். அய்யா பாதியில நிறுத்திட்டு ஸ்டென்சிலை மூக்குக்கிட்ட கொண்டுபோனார்.

"ஏம்மா, இந்தப் புள்ளி மிஷின் வெச்சது இல்லையே?"

மழுப்பலாம்தான். எனக்கு அது வராது. "இல்லைங்கய்யா. மிஷின்ல மேல் ஊசி ஒடிஞ்சுபோச்சு. புள்ளி பூரா நான் கையில வெச்சது. பிழை இருந்தா சொல்லுங்க, வேலையை விட்டுடறேன். பிழை இல்லன்னா, யார் வெச்சா என்னங்கய்யா?"

குரல் கொஞ்சம் ஏறிடுச்சு. அவர் விட்ட இடத்துலிருந்து படிச்சார். கடைசி வரிக்கு வந்து, மறுபடி மேல போய், விரலால ஒரு இடத்தைத் தொட்டார். "எழுத்துகள்ங்கிறதுல 'ள்' மொட்டையா நிக்குது." ஊசி என் ஜாக்கெட்லதான் குத்தியிருந்துச்சு. எடுத்து, அவர் கண்ணு முன்னாலயே தொட்டுப் புள்ளி வெச்சேன்.

"அப்போ சரி"ன்னு ஸ்டென்சிலைச் சுருட்டிக்கிட்டு, பையிலிருந்து ஒரு கத்தை எடுத்து மேஜையில வெச்சார். "கணக்கு, அறிவியல், வரலாறு. கணக்குல புள்ளி கம்மிதாம்மா, பயப்படாத."

சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. வீட்டுக்காரர் வந்து அந்தக் கத்தையை ஒவ்வொண்ணா புரட்டிப் பார்த்தார்.

திங்கக்கிழமை விடிஞ்சதும் கணக்குக்கு உட்கார்ந்துட்டேன். தெருமுனையில கம்பெனி வேன் ஆரன் அடிச்சுது. டிரைவர் திம்மராயன் கன்னடத்துல, "பர்தீரா இல்வா?", வர்றீங்களா இல்லையான்னு கத்தினார். நான் ஊசியோட குனிஞ்சிருந்தேன். எழுந்திரிக்கிறதுக்குள்ள வீட்டுக்காரர் செருப்பைக்கூட மாட்டாம வாசலுக்குப் போயிட்டார்.

"சாந்தம்மா வரலைங்க. அவங்க வேலையில இருக்காங்க."

கட்டிக்கிட்டு வந்த நாள்லிருந்து அந்த மனுஷன் வெளியாள்கிட்ட என்னை 'அவ'ன்னுதான் சொல்லியிருக்கார். 'அவங்க'ன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு. ஸ்டென்சில் மேல விழுந்துடக் கூடாதேன்னு முந்தானையால துடைச்சுக்கிட்டு, அடுத்த புள்ளியைத் தேடினேன்.