துரும்பு கிள்ளினதற்குச் சாட்சி

காசம்மாளுக்கு இரண்டு கலியாணம். இதைச் சொன்னதும் முகம் சுளிக்காதீர்கள், என் கண்ணுகளே. எங்கள் சனங்களில் அது குற்றமில்லை. ஒத்துப்போகாத புருசனும் பெண்சாதியும் தெருவார் முன்னால் வந்து நிற்பார்கள். புருசன் ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து இரண்டாகக் கிள்ளிப் போடுவான். பெண் தாலியைக் கழற்றி அவன் கையில் கொடுப்பாள். கட்டு தீர்ந்தது. அப்புறம் அவள் யாரைக் கட்டிக்கொண்டாலும் முறையான பெண்சாதிதான். இதை எழுதி வைக்கிற வழக்கம் கிடையாது. எழுதச் சொன்னால், ஊர் வார்த்தையை நம்பவில்லையா என்று நாட்டாண்மைக்காரருக்குக் கோபம் வந்துவிடும்.

பண்டசோழநல்லூர் ஆதிமூலம் அப்படித்தான் அவளைத் தீர்த்துவிட்டான். பிள்ளை இல்லை என்று வேறொருத்தியை வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தான். அடுத்த வருசமே செல்லிப்பட்டுக் கலியபெருமாள் காசம்மாளுக்குத் தாலி கட்டினான். ஆற்றோரம் அவனுக்கு அரைக்காணி நிலம், முள் மண்டிக் கிடந்தது. இரண்டு பேருமாக வெட்டித் திருத்திக் கரும்பு போட்டார்கள். ஓலைக் குடிசை இருந்த இடத்தில் ஓட்டு வீடு எழும்பியது. எல்லாம் அவன் பேரில்தான். பிள்ளை அங்கேயும் பிறக்கவில்லை. ஆனால் கலியபெருமாள் அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

எழுபத்து மூன்றாம் வருசம் மஞ்சள் காமாலை வந்து அவன் போய்விட்டான். அவன் தம்பி சுப்பராயலுதான் கொள்ளி வைத்தான். கருமாதியன்று சுப்பராயலுவின் பெண்சாதிதான் காசம்மாளை மணையில் உட்கார வைத்து, வளையலை உடைத்து, பொட்டை அழித்தாள். ஒரு மாதம் கழிந்தது. சுப்பராயலு வாசலில் வந்து நின்றான். அதுவரை அண்ணி என்று கூப்பிட்ட வாய் மாறியிருந்தது.

"இந்தாம்மா, ஒண்ணு சொல்றேன் கேளு. மொதப் புருசன் உசுரோட இருக்கான். கோர்ட்ல போயி நீ வெலகல. அப்ப எங்கண்ணனுக்கு நீ இன்னா ஒறவு? வைப்பா இருந்தேன்னு தெருவுல நாலு பேரு முன்னால ஒரு வார்த்த சொல்லிடு. மாட்டுக் கொட்டாயில காலம் பூரா இருந்துக்க. ஒருத்தரும் ஒண்ணியும் கேக்க மாட்டாங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் சாணி தட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ரோசம்மாள் நிமிர்ந்தாள்.

"ஏண்டா சுப்பராயலு, பொண்டாட்டி இல்லன்னா எவ வளையலடா உம் பொண்டாட்டி ஒடச்சா? வைப்பாட்டிக்கு மண போட்டு ஒக்கார வெக்கிற வழக்கம் உங்க வூட்ல எப்பலேர்ந்துடா?"

"நீ சும்மா கெட கெழவி."

"கெழவி உங்காத்தா!"

மறுநாள் ரோசம்மாளே அவளை டவுன் பஸ்ஸில் ஏற்றிப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனாள். வைத்தியலிங்கம் என்ற வக்கீல் பொறுமையாகக் கேட்டார்.

"பிரெஞ்சுக்காரன் போனப்பறம் இங்கியும் இந்தியாவோட சட்டம் வந்துட்டுதும்மா. புள்ள இல்லாதவன் சொத்து பொண்டாட்டிக்குத்தான். தம்பிக்குப் பாத்தியதை கெடையாது. ஒங்க சாதி வழக்கப்படி வெலகியிருந்தா அதையும் சட்டம் ஒத்துக்குது. ஆனா வெலகுனது நெசம்னு நீதான் காட்டணும். யாரு யாரு இருந்தாங்க?"

நாட்டாண்மைக்காரர் செத்துப் பல வருசம். கூட நின்ற மற்றவர்கள் கோர்ட் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கூண்டில் ஏறிச் சத்தியம் பண்ணினால் வம்சத்துக்கு ஆகாது என்றார்கள்.

"அப்ப துரும்பு கிள்ளுன ஆளையே கூப்புடு" என்றார் வக்கீல்.

காசம்மாள் முகம் தெளிந்தது. "அவரு சொல்லுவாருங்க. என்னத் தீர்த்து வுட்டாரே ஒழிய, ஏமாத்துனது கெடையாது."

அவள் அப்படி நம்பியதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருசத்துக்கு முன்னால் ஆதிமூலத்தின் தாய் வேலம்மாள் சாகக் கிடந்தாள். சின்ன வயதில் வாழ வந்த காசம்மாளுக்குச் சோறு வடிக்கக்கூட அந்த மாமியார்தான் சொல்லிக்கொடுத்தாள். கிழவி இவளையே கேட்டு அரற்றுகிறாள் என்று ஆள் வந்தது. கலியபெருமாள் ஒரு நிமிசம் யோசிக்கவில்லை. சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து அவனே கொண்டுபோய் விட்டான். "இருந்து பாத்துட்டு வா, பாவம்" என்றான். ஆதிமூலத்தோடு இருந்தவள் எப்போதோ ஓடிப்போயிருந்தாள். கிழவியின் உயிர் பிரிந்ததும் வாய்க்கரிசி போட மருமகள் இல்லை. காசம்மாள் போட்டாள். அன்று ஆதிமூலம் கதவோரம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தாயை இழந்த துக்கம் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

கூண்டில் அவளைத்தான் முதலில் ஏற்றினார்கள். சுப்பராயலுவின் வக்கீல் ஒரே ஒரு விசயத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஆதிமூலத்தோட தாயாருக்கு வாய்க்கரிசி போட்டது நீயா?"

"ஆமாங்க."

"மருமக முறைக்குப் போட்டியா?"

வைத்தியலிங்கம் அவளையே பார்த்தார். காசம்மாள் கொஞ்சம் யோசித்தாள். செத்துப்போன வேலம்மாள் முன்னால் நின்று பொய் சொல்வதுபோல் அவளுக்கு இருந்தது.

"ஆமாங்க. மருமகளாத்தான் போட்டேன்."

பிறகு ஆதிமூலத்தைக் கூப்பிட்டார்கள். மெலிந்து, கைத்தடி ஊன்றி வந்தான். துரும்பு கிள்ளியது உண்டா என்று வைத்தியலிங்கம் கேட்டார். அவன் தலை நிமிரவில்லை.

"இல்லீங்க. நான் எதையும் கிள்ளல. அவ கோச்சிக்கினு போனா, அவ்ளோதான். இன்னிக்கும் அவ எம் பொண்டாட்டிதாங்க."

காசம்மாள் பக்கத்திலிருந்த ரோசம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வேப்பமரத்தடியில் ஆதிமூலம் காத்திருந்தான். சுப்பராயலு தூண்டிவிட்டுத்தான் அவன் இப்படிச் சொன்னான் என்று எல்லோரும் பேசினார்கள். அப்படியிருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும்.

"காசி, வா, நம்ம வூட்டுக்குப் போலாம்" என்றான். "அன்னிக்கி எங்கம்மாவுக்கு நீ அரிசி போட்டப்பவே நெனச்சேன், உனக்கு எம்மேல கோவமில்லன்னு. ஒண்டியா கெடக்குறேன் காசி. உன்ன வேணாம்னு ஒரு தடவ சொன்னேன். அத்தனை பேரு முன்னால இன்னொரு தடவ சொல்ல நாக்கு வரல."

"உனக்கு நாக்கு வரலன்னு எனக்கு வூடு போவுதுய்யா" என்றாள் காசம்மாள். "வூடு போனாப் போவுது. செத்துப்போன அவருக்கு நான் யாருன்னு கேட்டா இனிமே இன்னா சொல்லுவேன்?"

அவன் அழுதான். ரோசம்மாள் திட்ட வாயெடுத்தாள். காசம்மாள் வேண்டாம் என்று அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தீர்ப்பு வருவதற்குள் கரும்பு இன்னொரு முறை வெட்டுக்கு வந்துவிட்டது. முதல் கலியாணம் தீர்ந்ததற்குச் சாட்சியம் இல்லை, ஆகவே இரண்டாவது செல்லாது. வீடும் நிலமும் சுப்பராயலுவுக்கு. ஜட்ஜு கெட்டவரில்லை என்றுதான் வைத்தியலிங்கம் சொன்னார். கேட்டதை வைத்துத்தானே எழுதமுடியும். மேல்கோர்ட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னார். அங்கே மட்டும் வேறு எந்த ஆதிமூலத்தைக் கூப்பிடுவது?

கலியபெருமாளின் வருசத் திதி அந்த மாதத்திலேயே வந்தது. காசம்மாள் அப்போது ரோசம்மாள் வீட்டில் ஒண்டியிருந்தாள். திதிக்கு முதல் நாள் வேலியைச் சுற்றிக்கொண்டு தன் வாசலுக்கே போய் நின்றாள்.

"தம்பி, வூடு கேக்க வரல. நாளைக்கிப் படையலு நான் ஆக்கிட்டுப் போறேன். அவருக்கு நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு நான் வெச்சாத்தான் எறங்கும்."

சுப்பராயலு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வந்து ஆக்குனா, நாளைக்கி அதையே சாட்சியா வெச்சி மறுபடியும் கேசு போடுவ. வேணாம்மா. போயிடு."

அவனுக்கும் பயம் இருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

திதியன்று விடிந்ததும் மண்ணாடிப்பட்டுப் பக்கம் கரும்பில் காய்ந்த இலைச் சோகை உரிக்கக் கூலிக்குப் போய்விட்டாள். வீட்டோரம் இருந்தால் குழம்பு வாசனை வரும். உச்சி வேளையில் பெண்கள் எல்லோரும் வாய்க்கால் கரையில் தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். புதிதாக வந்திருந்த ஒருத்தி பேச்சுக்குக் கேட்டாள்.

"உங்க வூட்டுக்காரரு இன்னா வேலக்கா?"

காசம்மாள் கையில் எடுத்த சோற்றோடு அப்படியே இருந்தாள். செத்துப்போய்விட்டார் என்று சொன்னால், நான்தான் புருசன் என்று சாட்சி சொன்னவன் ஒருவன் உயிரோடு இருக்கிறான். இருக்கிறார் என்று சொன்னால், செத்துப்போனவர் திதி இன்றைக்கு.

"வெயில் ஏறுது, சாப்புடும்மா" என்றாள்.