உயிர்க் காலேஜ் மாப்பிள்ளை

1

கொஞ்சம் கிட்ட வாருங்கள். இன்னும் கிட்ட. காது மந்தமானவர்கள் முன்னால் உட்காரட்டும். கேட்டதை உடனே நாலு வீட்டில் போய்ச் சொல்லிவிடுகிறவர்கள் அவர்களுக்குப் பின்னால். மெட்ராஸ் பார்க்கப் போன ஒரு பெண்ணின் கதை சொல்லப் போகிறேன். யாரும் சாகமாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. (பாதியில் ஒரு கரடி வரும். அதுவும் யாரையும் ஒன்றும் செய்யாது.)

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. விளாத்திகுளம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி, "உயிர்க் காலேஜ் மாப்பிள்ளைன்னுதான சொன்னாவ" என்றாள். மற்றவள் புரையேறும்வரை சிரித்தாள். அடுத்த நிறுத்தத்தில் இரண்டு பேரும் இறங்கிப் போய்விட்டார்கள். எனக்குக் கிடைத்தது அந்தச் சொல்லும் அந்தச் சிரிப்பும்தான். மற்றதெல்லாம் நான் கோத்தது.

உங்களில் சின்னவர்களுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்காது. அந்தக் காலத்து மெட்ராஸில் மிருகக் காட்சிச் சாலைக்கு உயிர்க் காலேஜ் என்று பெயர். எழும்பூரில், செத்த பிராணிகளைப் பாடம் பண்ணிக் கண்ணாடிக்குள் வைத்திருந்த மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்று பெயர். யார் வைத்த பெயரோ. ஊரிலிருந்து போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

இது உங்களுக்கு இப்போது தெரியும். கதையில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

2

தொடக்கம் லேசில் அமையவில்லை. முதலில் இப்படி எழுதினேன்:

"எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கியபோது ஆவுடைத்தாயின் கண்கள் வியப்பால் விரிந்"

வேண்டாம். ராத்திரியெல்லாம் சன்னலோரம் உட்கார்ந்து, எஞ்சின் கரி விழுந்து சிவந்த கண். கசக்குவதற்கே அவளுக்கு நேரம் போதவில்லை. எங்கே விரிய.

அடுத்தது:

"பெருநகரம் என்பது ஒரு மாபெரும்"

இதுவும் வேண்டாம். மாபெரும் என்னவென்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாவதாக வந்ததை அப்படியே விட்டுவிட்டேன்: வன்னியபெருமாள் தன் மகள் ஆவுடைத்தாயையும் தன் அக்காள் பெத்தம்மாளையும் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் பார்க்கப் போனார் என்பது ஊருக்குச் சொன்னது. மாப்பிள்ளை வேலை பார்க்கிற காலேஜைப் பார்க்கப் போனார் என்பது உள்ளது.

வன்னியபெருமாள் புதூர்ப் பக்கத்துச் சம்சாரி. கரிசல் காட்டில் மிளகாயும் பருத்தியும் போடுகிறவர். மௌண்ட் ரோட்டில் பதினாலு மாடிக் கட்டடம் புதுசாக நின்றுகொண்டிருந்த வருஷங்களில், பக்கத்து ஊர் செண்பகராஜுக்கு அவர் மகளைக் கேட்டு வந்தார்கள். பையன் மெட்ராஸில் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டதற்கு அவன் தாயார், "உயிர்க் காலேஜ்ல" என்றாள். மகன் சொல்லிவிட்டதை அவள் அப்படியே சொன்னாள். அது என்ன காலேஜ் என்று யாருக்கும் தெரியவில்லை. பெத்தம்மாளுக்குத் தெரிந்தது.

"உயிரக் காப்பாத்துத காலேஜு. டாக்டருக்குப் படிக்காவல்லா, அது."

பையன் பள்ளிக்கூடத்தையே முடிக்கவில்லையே என்று ஒருவர் கேட்டார். "படிக்கதுக்கா போயிருக்கான். வேலைக்குல்லா போயிருக்கான். கம்பவுண்டருன்னு வைங்க" என்றாள். ஊர் வைத்துக்கொண்டது. ஒரு மாதத்தில் அந்தக் கம்பவுண்டர் பாதி டாக்டராகிவிட்டார். வருகிற புதன்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றுவதாகப் பேச்சு. மாற்றலாமா வேண்டாமா என்பதைப் போன இடத்தில் கண்ணால் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். ஆவுடைத்தாயின் வாழ்வு அந்த ஒரு முடிவில் நின்றது.

3

மெட்ராஸில் அவர்கள் தங்கியது சேக் முகம்மதுவின் மிளகாய் மண்டிக்கு மேலே இருந்த அறையில். சேக் முகம்மது விளாத்திகுளத்துக்காரர். வன்னியபெருமாளின் மிளகாய் வருஷா வருஷம் அவர் மண்டிக்குத்தான் போகும். வந்தவர்களை அவரே ஊர் சுற்றிக் காட்டினார்.

பதினாலு மாடியைப் பார்த்துப் பெத்தம்மாள் கேட்டாள்: "மேல இருக்கவன் தண்ணி எடுக்க எப்பலே கீழ வந்து சேருவான்?"

கடற்கரையைப் பார்த்துச் சொன்னாள்: "வேம்பார்ல கெடக்க கடலுதான இதுவும். இதுக்கு ரயிலேறி வேற வந்தாச்சு."

(பெத்தம்மாளை நான்தான் நடுவில் சேர்த்தேன். வன்னியபெருமாள் பேசுகிற ஆள் இல்லை. ஆவுடைத்தாயோ அப்பா முன்னால் வாய் திறக்கமாட்டாள். யாராவது பேசினால்தானே கதை நடக்கும். இப்போது அவளை நிறுத்த முடியவில்லை.)

அன்று சாயங்காலம் மண்டியில் மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு வன்னியபெருமாள் மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"பாய், இந்த உயிர்க் காலேஜ் எங்கன இருக்கு?"

"சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துலதான் அண்ணாச்சி. ஊர்ல இருந்து வாரவிய எல்லாரும் அதப் பாக்காமப் போகமாட்டாவ. செத்த காலேஜும் தூரமில்ல. ரெண்டையும் நாளைக்கே முடிச்சிரலாம்."

"செத்தது நமக்கு வேண்டாம்" என்றாள் பெத்தம்மாள். "நல்ல காரியமா வந்திருக்கோம்."

"நம்மள உள்ள விடுவாவளா?"

"துட்டுக் குடுத்தா விடுதாவ."

வன்னியபெருமாளுக்கு அது கொஞ்சம் இடித்தது. இருந்தாலும் கேட்டார். "உள்ள இருக்கவியல்லாம் கொணம் எப்படி?"

இந்த மனிதர் எதையும் விவரமாகக் கேட்கிறவர் என்று நினைத்துச் சேக் முகம்மது பொறுமையாகச் சொன்னார். "ஒண்ணொண்ணும் ஒரு கொணம் அண்ணாச்சி. சிலது அது பாட்டுக்குத் தூங்கும். சிலது உறுமும். கம்பிக்குள்ள கைய நீட்டாம இருந்தாச் சரி."

அறைக்கு வந்ததும் வன்னியபெருமாள், "சிலது சிலதுங்காரே" என்றார்.

"மெட்ராஸ்ல மரியாதி அவ்வளவுதாம்லே" என்றாள் அக்காள். "பெரிய படிப்புப் படிச்சவிய உறுமத்தான் செய்வாவ."

4

மறுநாள் வன்னியபெருமாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். காலேஜ் வாசலுக்கு வந்ததும் தலையில் இருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். வாத்தியார்மார் நடமாடுகிற இடம். அப்போது உள்ளேயிருந்து ஒரு பெருஞ்சத்தம் வந்தது.

பெத்தம்மாள் நின்றுவிட்டாள். "யாரையோ மயக்க மருந்து குடுக்காம அறுக்காவ."

சேக் முகம்மது சிரித்தார். இந்த அக்கா தமாஷ்காரி என்று நினைத்துக்கொண்டார்.

முதலில் மயில் இருந்தது. சரி, அழகுக்கு வளர்க்கிறார்கள். அடுத்துக் குரங்குகள். மருந்து பரீட்சை பண்ணுவதற்கு இருக்கும் என்று பெத்தம்மாள் சொன்னாள், ஆனால் குரல் இறங்கியிருந்தது. முதலைத் தொட்டிக்கு வந்தபோது மூன்று பேருக்கும் விளங்கிவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. மூன்று பேரும் முதலையைப் பார்த்தார்கள்.

"நம்ம ஊருணியில இவ்வளவு தண்ணி நான் பாத்ததில்ல" என்றாள் பெத்தம்மாள். வேறு என்ன சொல்வது.

வன்னியபெருமாள் கேட்டார்: "பாய், இதுதான் உயிர்க் காலேஜா?"

"இதுதான் அண்ணாச்சி. செத்தத வச்சிருக்கது செத்த காலேஜ். உசுரோட இருக்கது உயிர்க் காலேஜ்."

திரும்பிப் போயிருக்கலாம். (ஒரு பிரதியில் திரும்பிப் போகவும் செய்தார்கள். கதை அங்கேயே முடிந்தது. ரொம்பச் சுருக்கமான கதை, யாருக்கும் பிடிக்கவில்லை.) ஆனால் திரும்புகிற வழியில்தான் கரடிக் கூண்டு இருந்தது. காக்கி அரைக்கால் சட்டையோடு ஒருவன் வாளியிலிருந்து கேப்பைக் களியை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு நிமிர்ந்தான்.

"வாங்க மாமா" என்றான் செண்பகராஜ். கைநிறையக் களி இருந்ததால் கும்பிட முடியவில்லை.

5

இங்கே வந்ததும் எனக்குச் செண்பகராஜ்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இவன் ஒன்றும் அறியாதவன் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். உள்ள பெயரைத்தானே சொல்லிவிட்டான், ஊர் தப்பாக விளங்கிக்கொண்டால் அவன் என்ன செய்வான் என்று அவனுக்காக நானே வாதாடினேன். ஆனால் அதற்கு முன்பே ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன்:

[போன பொங்கலுக்கு ஊருக்கு வந்த செண்பகராஜிடம் ஒரு பெரியவர் காலை நீட்டித் தொடையில் இருந்த கட்டியைக் காட்டினார். செண்பகராஜ் குனிந்து பார்த்தான். "மஞ்சள அரச்சுப் போடுங்க, அமுங்கிரும்" என்றான்.]

இதை அடித்துவிட்டேன். அடித்த பிறகும் தெரிகிறது, பாருங்கள்.

கரடிக் கூண்டின் முன்னால் அவன் சொன்னது இதுதான். "அம்மாட்ட உயிர்க் காலேஜ்னுதான் சொன்னேன் மாமா. இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ."

"நீ பொய் சொன்னேன்னு நான் சொல்லலையே" என்றார் வன்னியபெருமாள்.

பெத்தம்மாள் அதற்குள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். தம்பியைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "ஏலே, கார்ப்பரேசன் வேல. சம்பளம் நிக்காது. ஊர்ல போய் உயிர்க் காலேஜப் பாத்துட்டு வந்தோம்னு சொல்லுவோம். பெரிய காலேஜுன்னு சொல்லுவோம். இதுல ஒரு எழுத்து பொய் இருக்கா, சொல்லு."

வன்னியபெருமாள் துண்டை மறுபடி தலையில் கட்ட ஆரம்பித்தார். பாதி சம்மதித்த ஆள் செய்கிற காரியம் அது.

(நில்லுங்கள். ஒரு பெண்ணின் கதை என்று உங்களை உட்காரவைத்தேன். இதுவரைக்கும் அவளுக்கு ஒரு வார்த்தைகூட நான் கொடுக்கவில்லை. ரயிலில் கண்ணைக் கசக்கவிட்டதோடு சரி. அவளே எடுத்துக்கொண்டாள்.)

ஆவுடைத்தாய் கூண்டுப் பக்கம் ஒரு எட்டு வைத்து, அவனை நேராகப் பார்த்துக் கேட்டாள்:

"ஊர்ல ஒங்கள டாக்டர் காலேஜுக்காரருன்னு நெனச்சிருக்காவ. அது ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

6

தெரியாது என்று எழுதிவிட எனக்கு ஆசை. எழுதியும் பார்த்தேன். "தெரியாது" என்று எழுதிய கையோடு அந்தக் கட்டி வந்த பெரியவர் காலை நீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். ஆகவே:

"தெரியும்" என்றான் செண்பகராஜ்.

"தெரிஞ்சுமா?"

"பொங்கலுக்கு வந்தப்போ ஒருத்தரு கட்டில்ல நகந்து எனக்கு எடம் குடுத்தாரு. அந்தக் கட்டில்ல நான் அதுக்கு முன்ன உக்காந்ததே கெடையாது. எந்திரிச்சுப் போக மனசு வரல."

"நல்லாருக்கு" என்றாள் பெத்தம்மாள். "கேட்டா ஒத்துக்கிடுதான். கேக்காட்டாக் கட்டில்ல உக்காந்துக்கிடுதான்."

கரடி கம்பியைப் பிடித்து உலுக்கியது. அவன் ஒரு உருண்டையை உள்ளே போட்டுவிட்டு மறுபடி வந்து, திட்டு வாங்குகிற இடத்தில் ஒழுங்காக நின்றுகொண்டான்.

ஆவுடைத்தாய் கரடி தின்பதைப் பார்த்துக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"என்னயும் ஊர்ல டாக்டரம்மான்னு கூப்பிடுதாவ. தலவலின்னு பாண்டியம்மா எங்கிட்ட வந்து நின்னா. சுக்க ஒரசிப் போடுன்னேன்."

"வலி விட்டுச்சா?"

"விடல. மறுநாளும் எங்கிட்டதான் வந்தா."

செண்பகராஜுக்குச் சிரிப்பு வந்தது. வன்னியபெருமாள் இருப்பதைப் பார்த்து அடக்கிக்கொண்டான். அவள் அடக்கவில்லை.

"கூண்டுப் பக்கம் நின்னு என்னட்டி சிரிப்பு" என்றாள் பெத்தம்மாள். "கரடி பாக்கு."

7

சாயங்காலம் எழும்பூர் ஸ்டேஷன். ரயில் நிற்கிறது. பெத்தம்மாள் ஏறிப் படுத்துவிட்டாள். சேக் முகம்மது சன்னலுக்கு வெளியே நிற்கிறார். செண்பகராஜ் புதன்கிழமைக்குப் புறப்பட்டு வரலாமா, வரவேண்டாமா என்ற பதிலை அவர்தான் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும்.

வன்னியபெருமாள் மகளிடம் குனிந்து கேட்கிறார். அவள் கல்யாணத்தைப் பற்றி அவளிடமே ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை. "தாயீ, நான் ஒண்ணும் சொல்லல. ஒனக்கு எப்படித் தோணுது?"

இதற்குமேல் இரண்டு முடிவு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் அவள் வரச் சொல்கிறாள். கல்யாணமாகி மூர் மார்க்கெட் பக்கத்தில் ஒரு ஒண்டுக் குடித்தனம், விடிய விடியச் சிங்கத்தின் சத்தம், அது பழகிப்போய் ஊருக்கு வந்தால் தூக்கம் வராமல்

இன்னொன்றில் வேண்டாம் என்கிறாள். ஊர் கொஞ்சநாள் சிரிக்கிறது. மழை பெய்ததும் விதைப்பு வேலையில் மறந்துவிடுகிறது. அடுத்த வருஷம் எட்டயபுரம் பக்கம்

இரண்டையும் பாதியில் நிறுத்திவிட்டேன். இரண்டும் நடக்கக்கூடியதுதான், இரண்டிலும் அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் எந்த முடிவை எடுத்து எழுதினாலும், அது நான் அவளுக்குச் செய்துவைக்கிற கல்யாணமாகிவிடுகிறது. அவள் அப்பாவே கேட்டுவிட்டுக் காத்திருக்கும்போது நான் யார் முந்திக்கொள்வதற்கு.

அதனால் பதிலை உங்களிடம் விடுகிறேன். நீங்கள் உங்கள் மனசுக்குப் பட்டதைச் சொல்லுங்கள், ஆவுடைத்தாய் அதையே அப்பாவிடம் சொல்வாள். ஒரே ஒரு நிபந்தனை. வரட்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, ஊரில் போய் இறங்கியதும் ஏன் என்று கேட்பார்கள். மிருகக் காட்சிச் சாலையில் கரடிக்குக் களி போடுகிற வேலை என்று தொடங்கித்தான் அவள் பதில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல முடிகிற பதிலாகப் பார்த்துக் கொடுங்கள். அவசரமில்லை. நீங்கள் சொல்லும்வரை ரயில் நிற்கும்.

எழுந்திருக்கிறீர்களா, போய் வாருங்கள். உங்கள் வீட்டு மிளகாய் நன்றாகக் காயட்டும், அது காய்ந்து அள்ளிய மறுநாள் மழை பெய்யட்டும். குழந்தைகளுக்கு நோய்நொடி வராமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டோ மாப்பிள்ளை கேட்டோ வருகிறவர்கள், வேலை இன்னதென்று முழுசாகச் சொல்கிறவர்களாக வரட்டும். அவர்களுக்குக் கட்டிலில் நீங்கள் நகர்ந்து இடம் கொடுங்கள். அது என்ன வேலையாக இருந்தாலும்.